தந்தைக்காக ஒரு பொறி

கழித்தலில் கடன் வாங்க மறந்து மதிப்பெண் இழக்கும் நாம், பிளேஸ் பாஸ்கலை அறிய வேண்டும். 1623-இல் பிரான்சு நாட்டின் கிளேர்மோன் நகரில் பிறந்த இவர், மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தையே பாடம் புகட்டி வளர்த்தார். ருவான் நகரில் அத்தந்தை வரிக்கணக்குகளோடு அல்லற்படுவதைக் கண்டு, 1642-இல் கணக்கிடும் பொறி ஒன்றை அமைக்கத் தொடங்கினார்.

அதன் சக்கரங்கள் முன்னோக்கியே சுழலும். கூட்டும், ஆனால் பின்னோக்கிச் சுழன்று கழிக்காது. பாஸ்கல் சோரவில்லை. கூட்டியே கழிக்க வழி கண்டார். 75-இல் 32 போக வேண்டுமா? 99-இல் 75 போக மீதி 24. அதனுடன் 32-ஐக் கூட்டினால் 56. 99-இல் 56 போக 43; அதுவே விடை!

கணினிகளும் இதுபோன்றே கழிக்கின்றன. 1975-இல் வந்த 6502 என்னும் சில்லு, கழிக்கும் எண்ணின் 0-வை 1-ஆகவும் 1-ஐ 0-ஆகவும் மாற்றி, ஒன்று சேர்த்துக் கூட்டியது.

1662-இல் 39 வயதில் பாஸ்கல் மறைந்தார். பெற்றோர் பாரத்தைக் குறைக்க நாமும் முயல்வோமாக!