நாணயம் திரட்டிய மன்னர்

இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலின் வரலாற்றை எண்ணுங்கால் நமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. 1869-இல் நேப்பிள்ஸ் நகரிற் பிறந்த அவர், இளமை முதலே பழங்காசுகளைத் திரட்டலானார். 1900-இல் தந்தையார் கொலையுண்டதும் அரியணை ஏறினார். ஆயினும் அவ்வார்வம் குன்றவில்லை.

முன்னாளில் இத்தாலி பல நாடுகளாகப் பிரிந்து கிடந்தது. வெனிஸ், ஜெனோவா, மிலான், போப்பாண்டவர் நாடு என ஒவ்வொன்றும் தனித்தனியே காசு அச்சிட்டன. அவற்றைத் தேடித்தேடி 1,00,000-க்கும் மேற்பட்ட நாணயங்களை மன்னர் சேர்த்தார். 1910 முதல் 1943 வரை, இத்தாலிய நாணயங்களைப் பற்றிய 20 பெருந்தொகுதிகள் அவர் முயற்சியால் வெளிவந்தன.

காசுகளை இத்துணை நுணுகி ஆராய்ந்தவர், 1922-இல் முசோலினியை ஆட்சிப் பொறுப்பேற்க அழைத்துத் தீராப் பழிக்கு ஆளானார். 1946-இல் முடிதுறந்து எகிப்து சென்றவர், மறு ஆண்டு அலெக்சாந்திரியாவில் மறைந்தார். தம் நாணயத் தொகுப்பையோ இத்தாலிய மக்களுக்கே விட்டுச்சென்றார். ரோமாபுரி அருங்காட்சியகத்தில் அதனை இன்றும் காணலாம்.

நாணயம் என்பது நம் மொழியிற் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முன்னதைப் பேணிய கவனத்துடன் பின்னதையும் அவர் பேணியிருப்பாராயின், அவர் புகழ் மாசற்று விளங்கியிருக்கும் என்பதே நம் கருத்து.