அதியமான் நெடுமான் அஞ்சி

அதியமான் நெடுமான் அஞ்சி சங்க காலத்தில் தகடூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட குறுநில மன்னர் ஆவார். கடையெழு வள்ளல்களுள் ஒருவர். தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. இவர் மழவர் தலைவர் எனவும் போற்றப்பட்டார்.

முன்னோர்

அஞ்சியின் முன்னோர் வேள்வியால் வானோரை மகிழ்வித்துக் கரும்பை மண்ணுலகிற்குக் கொண்டுவந்தனர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியுள்ளார். ஒரு பயிரைத் தந்தவர் வழிவந்தோர் என்பதே இக்குடியின் பெருமை. கிரேக்கத் தொன்மத்திலும் எலியூசிசு நகரத்துத் திரிப்டாலமசு தெமீத்தர் என்னும் தெய்வத்திடம் கோதுமை பெற்று உலகில் பரப்பியதாகக் கதை உண்டு. அஞ்சி சேரர்க்குரிய பனம்பூமாலையை அணிந்தவர். எனவே அதியமான்கள் சேரர் கிளையினர் என்று கருதுவர்.

சத்தியபுத்திரர்

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் குறிப்பிடுகிறது. இவர்கள் அதியமான்களே எனச் சிலரும், கோசர் எனச் சிலரும் நெடுங்காலம் வாதிட்டனர். 1981-இல் திருக்கோவலூர் அருகே சம்பை என்னும் ஊரில் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. சதியபுதோ என்ற பட்டத்துடன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழி (துறவியர் உறைவிடம்) என்பது அதன் செய்தி. கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் இக்கல்வெட்டு அவ்வாதத்தைப் பெரும்பாலும் தீர்த்து வைத்தது. பாட்டில் மட்டுமே அறியப்பட்ட வள்ளல் ஒருவரின் பெயர் கல்லிலும் கிடைத்தது அரிய நிகழ்வாகும். குடிப்பெருமையில் எல்லாமே புனைவு அன்று என்பதற்கும் இது சான்று.

வாழ்க்கை

நீண்ட ஆயுள் தரும் அரிய நெல்லிக்கனியைத் தாம் உண்ணாது ஔவையாருக்கு அளித்த செயலே இவரை இன்றளவும் நினைவில் நிறுத்தியுள்ளது. தொண்டைமானிடம் தம் தூதராகவும் அவரையே அனுப்பினார். எழுவரை எதிர்த்து வென்றார். மலையமானின் கோவலூரையும் கைப்பற்றினார். சம்பை அப்பகுதியில் இருப்பது கருதத்தக்கது.

இறுதியில் தகடூர் மீது படையெடுத்தவன் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. குலத்தால் உறவினன் எனப்படுபவனிடமே இக்குடி நகரை இழந்தது. அப்போரில் அஞ்சி உயிர்துறந்தார் என்பர். போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. இவர் மகன் பொகுட்டெழினி.

பிற்காலத்தவர்

குடி அத்துடன் அழியவில்லை. நாமக்கல் மலையில் உள்ள அரங்கநாதர் குடைவரை, அதியர் மரபினனான குணசீலன் கி.பி. எட்டாம் நூற்றாண்டளவில் எடுத்தது. கல்வெட்டில் அதன் பெயர் அதியேந்திர விட்டுணுகிருகம். அதற்கும் பின்னர், போளூர் அருகே திருமலையில் விடுகாதழகிய பெருமாள் என்னும் தகடூர்த் தலைவன், வஞ்சியர் குலத்து எழினி முன்பு அமைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்தான். தன்னை அந்த எழினியின் வழிவந்தவன் என்றே அவன் கல்லில் பொறித்துள்ளான்.