மாட்டுக்கும் டாக்டர் தந்த மனிதர்

2022-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோவில் யானை லட்சுமி, வழக்கம் போலக் காலையில் நடைப்பயிற்சிக்குப் புறப்பட்டது. போகும் வழியில் தெருவிலேயே சாய்ந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

செய்தி பரவியதும் ஊரே திரண்டது. குழந்தைகள் அழுதார்கள். பெரியவர்களும் அழுதார்கள். துதிக்கையால் தலையைத் தொட்டு ஆசி தந்த லட்சுமியைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் உண்டா?

யானைக்கு எவ்வளவு பெரிய உடம்பு! ஆனால், எனக்கு இங்கே வலிக்கிறது என்று சொல்ல அதற்குத் தெரியாது. மாடும் அப்படித்தான். ஆடும் நாயும் அப்படித்தான். சொல்லத் தெரியாத நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி? அதைச் சொல்லிக் கொடுக்க உலகத்திலேயே முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடம் வைத்தாரே ஒருவர், அவருடைய கதைதான் இது. அவர் மாட்டுக்காரர் அல்ல. டாக்டரும் அல்ல. ஒரு வக்கீல்!

ராத்திரியில் வரும் நோயாளி

கதைக்குப் போகுமுன், ஒரு மாட்டு ஆஸ்பத்திரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

மாட்டுப் பொங்கல் முடிந்த இரவு. பாகூர்ப் பக்கத்திலோ வில்லியனூர்ப் பக்கத்திலோ ஒரு வீட்டில் பசுமாடு தவிக்கிறது. அன்று வீட்டில் எல்லோருக்கும் அதன் மேல் அன்பு பொங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு கை சோறும் பொங்கலுமாக அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். புல்லும் வைக்கோலும் தின்கிற வயிறு அது. அவ்வளவு சோற்றை அதனால் தாங்க முடியாது. உள்ளே சோறு புளிக்கிறது. மாடு அசை போடுவதை நிறுத்திவிடுகிறது. படுக்கிறது, எழுந்திருக்கிறது, பல்லைக் கடிக்கிறது. அன்பாலேயே மாடு சாகக் கிடக்கிறது!

டாக்டர் வருகிறார். மாட்டிடம் கேட்க முடியாதே! அதனால் மாட்டுக்காரரைக் கேட்கிறார். எப்போது தின்றது? என்ன தின்றது? சாணம் போட்டதா? கடைசியாக அசை போட்டது எப்போது? பிறகு ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார். மாட்டின் உடல் சூடு மனிதனை விட அதிகம்; சுமார் 101½ டிகிரி இருந்தால் அது காய்ச்சல் அல்ல. வாலின் அடியில் விரலை வைத்து நாடி பார்க்கிறார். இடது விலாவுக்குப் பின்னால் கையை அழுத்தி வயிறு அசைகிறதா என்று பார்க்கிறார்.

வயிறு உப்பிப் போய் மத்தளம் போல ஒலித்தால் இன்னும் ஆபத்து. உள்ளே சேர்ந்த காற்று நுரையீரலை நெருக்கும். மாடு மூச்சு முட்டிச் செத்துப்போகும். வாய் வழியாகக் குழாய் விட்டுக் காற்றை வெளியேற்றப் பார்ப்பார்கள். அதற்கும் நேரம் இல்லை என்றால் இடது வயிற்றிலேயே கூரான குழாய் ஊசியைக் குத்துவார்கள். புஸ்ஸென்று காற்று வெளியேறும். மாடு பிழைத்துக்கொள்ளும். குத்த வேண்டிய இடம் ஓர் அங்குலம் தவறினாலும் வேறு வினை!

குத்த வேண்டிய இடம் இதுதான் என்று அந்த டாக்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவருடைய கல்லூரி. கல்லூரிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அப்படிக் கேட்டுக்கொண்டே பின்னால் போனால், பிரான்ஸ் நாட்டில் லியோன் என்ற ஊரில் போய் நிற்போம்.

குதிரைப் பள்ளியில் ஒரு வக்கீல்

லியோன் பட்டுக்குப் பேர் போன ஊர். நமக்குக் காஞ்சிபுரம் மாதிரி. அங்கே 1712-ம் ஆண்டு, ஒரு வசதியான வியாபாரி வீட்டில் குளோத் பூர்ஷலா பிறந்தார். சட்டம் படித்து வக்கீல் ஆனார்.

அவர் வக்கீல் தொழிலை விட்டதற்கு ஒரு கதை சொல்லுவார்கள். ஒரு வழக்கில் அநியாயமான பக்கத்துக்காக வாதாடி ஜெயித்தாராம். ஜெயித்த பிறகு மனம் உறுத்தி, அங்கியைக் கழற்றி எறிந்தாராம். நல்ல கதைதான். ஆனால் முழுதாக நம்ப வேண்டியதில்லை. அவருக்குக் குதிரை மேல் ஆசை. அது நிச்சயம்.

1740-ல் லியோன் நகரத்துக் குதிரையேற்றப் பள்ளிக்குத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 28. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து குதிரை ஏறவும் வாள் வீசவும் கற்றுக்கொள்வார்கள். பூர்ஷலா நல்ல ஆசிரியர். குதிரையேற்றம் பற்றி 1744-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பாவில் பலரும் அதைப் படித்தார்கள்.

ஆனால், குதிரை நோயில் விழுந்தால்? அங்கேதான் அவருக்கு மனத்தாங்கல். அந்தக் காலத்தில் குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர் லாடம் அடிப்பவர். மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவர் ஊர்ப் பெரியவர் அல்லது மந்திரவாதி. கைப்பழக்கம் உள்ள நல்லவர்களும் அவர்களில் இருந்தார்கள். நம் நாட்டிலும் மாட்டு வாகடம் படித்த வைத்தியர்கள் இருந்தார்களே! ஆனால், ஒருவர் கண்டதை இன்னொருவர் சோதித்துப் பார்க்க வழி இல்லை. வைத்தியர் செத்தால் வைத்தியமும் அவரோடு போயிற்று.

பூர்ஷலா லியோன் நகரத்து அறுவை வைத்தியர்களோடு நட்புக் கொண்டார். மனித உடம்பை அவர்கள் அறுத்துப் படிப்பது போல, இவர் செத்த குதிரைகளை அறுத்துப் பார்த்தார். எலும்பு எத்தனை, நரம்பு எங்கே, குடல் எவ்வளவு நீளம் என்று எழுதி வைத்தார். கௌரவமான குடும்பத்துப் பிள்ளை, கையெல்லாம் ரத்தமாகச் செத்த குதிரையின் பக்கத்தில்! பார்த்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்களா?

அறுத்துப் பார்த்ததில் அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. மனித உடம்பும் மிருக உடம்பும் வேலை செய்யும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றைப் படித்தால் மற்றதற்கு வெளிச்சம் கிடைக்கும். இன்று இதைச் சின்னப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளும். அன்று அது துணிச்சலான பேச்சு.

புதுச்சேரி விழுந்தது, பள்ளி எழுந்தது

1761-ம் ஆண்டு புதுச்சேரிக்குப் பொல்லாத ஆண்டு. ஆங்கிலேயப் படை ஊரை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே உணவு தீர்ந்தது. குதிரையையும் ஒட்டகத்தையும் யானையையும் கூட அடித்துத் தின்றார்கள். ஜனவரி 16-ந் தேதி பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்தார். பிறகு ஆங்கிலேயர்கள் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

அதே யுத்தம் பிரான்சின் கஜானாவையும் காலியாக்கியிருந்தது. பணம் இல்லை. போதாததற்குக் கிராமங்களில் மாடுகள் கும்பல் கும்பலாகச் செத்து விழுந்தன. வெக்கை நோய்! கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய் புண்ணாகும். பிறகு கழிச்சல் கண்டு சில நாளில் மாடு சாகும். ஒரு கொட்டிலில் நுழைந்தால் பல கொட்டில்களைக் காலி செய்துவிட்டுத்தான் போகும். மாடு போனால் ஏர் போயிற்று. ஏர் போனால் சோறு போயிற்று.

அப்போது பிரான்சின் நிதி மந்திரி பெர்த்தேன். அவர் முன்பு லியோனில் அதிகாரியாக இருந்தவர். பூர்ஷலாவின் நண்பர். இருவரும் பேசி முடித்தார்கள். புதுச்சேரி விழுந்து ஏழு மாதம் கூட ஆகவில்லை. ஆகஸ்டு 4-ந் தேதி மன்னரின் சபை உத்தரவு போட்டது. மிருக நோய்களுக்கு மருந்து கற்பிக்க லியோனில் ஒரு பள்ளி திறக்கலாம். ஆறு ஆண்டுகளுக்கு 50,000 லீவர் பணம் தரப்படும். லீவர் என்பது அந்நாளைய பிரெஞ்சு நாணயம். யுத்தத்தில் தோற்றுக்கொண்டிருந்த ஓர் அரசாங்கம் மாட்டுக்காகச் செலவழித்த பணம் அது!

1762 பிப்ரவரியில் பள்ளி தொடங்கியது. ரோன் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பழைய சத்திரம்தான் கட்டிடம். வந்த மாணவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். லாடம் அடிப்பவர் மகன், உழவர் மகன். எழுதப் படிக்கத் தெரிந்தால் சேரலாம். மூலிகைத் தோட்டம் இருந்தது. மருந்து இடிக்கும் அறை இருந்தது. லாடப் பட்டறை இருந்தது. நோய் கண்ட மிருகங்களைக் கட்டி வைக்கக் கொட்டில்கள் இருந்தன. காலையில் புத்தகம், பிறகு கொட்டில் என்று இல்லாமல், கொட்டிலே புத்தகமாயிற்று.

சில மாதப் படிப்பிலேயே மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார் பூர்ஷலா. பக்கத்து மாகாணமான தோஃபினேயில் மாடுகளுக்கு நோய் கண்டிருந்தது. பிள்ளைகள் நடந்தே கொட்டில் கொட்டிலாகப் போனார்கள். நோய் கண்டதைத் தனியே பிரித்தார்கள். மருந்து கொடுத்தார்கள். கணக்கு எழுதினார்கள். அவர்கள் கொடுத்த மருந்துகளால் எவ்வளவு நன்மை விளைந்திருக்கும் என்று இன்றைய டாக்டரைக் கேட்டால் சிரிப்பார். நோய்க்குக் கிருமி காரணம் என்பது அன்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால், நோயுள்ள மாட்டைப் பிரித்துக் கட்டியது சரியான காரியம். நல்ல பேர் கிடைத்தது. 1764-ல் மன்னர் அதற்கு ராஜாங்கப் பள்ளி என்ற பட்டம் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு பாரிசுக்குப் பக்கத்தில் அல்ஃபோர் என்ற இடத்தில் ஒரு மாளிகையை வாங்கினார்கள். அங்கே இரண்டாவது பள்ளி. அதே 1765-ல்தான் இடிந்த புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பப் பெற்றுக் கட்டத் தொடங்கினார்கள்.

குறையும் இருந்தது

பூர்ஷலா சாது அல்ல. பிடிவாதக்காரர். தன்னைவிடக் குதிரை நன்றாகத் தெரிந்தவர் இருக்கக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. லஃபோஸ் என்ற குதிரை வைத்தியரோடு ஓயாத சண்டை. அறுத்துக் காட்டுவதில் கைதேர்ந்த ஃப்ரகொனார் என்பவர் அவருக்கு வலது கையாக இருந்தார். 1771-ல் அவரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். தோல் உரித்துப் பதம் செய்த குதிரையும், அதன் மேல் அதே போலப் பதம் செய்த மனிதனும் இன்றும் அல்ஃபோர் காட்சிசாலையில் இருக்கிறார்கள். அது ஃப்ரகொனாரின் வேலை. பார்த்தால் இரவில் தூக்கம் வராது!

பெரிய சோதனை 1774-ல் வந்தது. தெற்குப் பிரான்சில் மறுபடியும் வெக்கை. பூர்ஷலாவின் மாணவர்கள் போனார்கள். மருந்து பலிக்கவில்லை. அரசாங்கம் விக் தசீர் என்ற இளம் டாக்டரை அனுப்பியது. இவர் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். அவர் கண்ட வழி கொடுமையானது. நோய் கண்ட மாட்டைக் கொன்று ஆழப் புதைக்க வேண்டும்! உழவர்கள் கதறினார்கள். சிலர் மாடுகளை ஒளித்து வைத்தார்கள். பிழைக்க வைப்பதற்காகப் பள்ளி வைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆனால், மருந்தே இல்லாத அந்த நோயில், கொன்று புதைத்ததுதான் மற்ற மாடுகளைக் காத்தது.

1777-ல் தம் பள்ளிகளுக்குச் சட்டதிட்டம் எழுதி வைத்தார். அதில் ஒரு பகுதியை மட்டும் சொல்ல வேண்டும். படித்துவிட்டுப் போகிறவன் நாணயம் தவறக்கூடாது. பணக்காரனையும் ஏழையையும் வேறுபடுத்திப் பார்த்துக் கூலி வாங்க வேண்டும். தான் படித்த படிப்பு நாட்டின் காசில் படித்தது என்பதால் அதற்குப் பெரிய விலை கேட்கக்கூடாது. ஒரே பசுவை வைத்துக்கொண்டு பிழைக்கும் விதவையின் கொட்டிலில் நிற்கும் டாக்டருக்கு இதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்?

1779-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி பூர்ஷலா காலமானார். அப்போது அவருக்கு வயது 66.

லியோனிலிருந்து குருமாம்பேட் வரை

அவரிடம் படித்தவர்கள் நாலா திசையிலும் போனார்கள். டென்மார்க்கிலிருந்து வந்து படித்த அபில்கார்டு, 1773-ல் கோபன்ஹேகனில் பள்ளி வைத்தார். சுவீடனிலும் இத்தாலியிலும் அவர் மாணவர்களே பள்ளிகள் தொடங்கினார்கள். லண்டனில் 1791-ல் தொடங்கிய கல்லூரிக்கும் லியோனில் படித்தவர்தான் முதல் தலைவர்.

மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர் மனித வைத்தியம் படித்தவர். மாட்டு நோயைக் கண்டு மனம் மாறி, லியோனுக்குப் போய்ப் படித்தார். 1808-ல் இந்தியாவுக்கு வந்து கம்பெனியாரின் குதிரைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். நல்ல குதிரை தேடித் தேடி இமயமலையைத் தாண்டிப் போய், 1825-ல் ஆப்கானிஸ்தானத்தின் வடகோடியில் இறந்தார். அவர் கதை தனிக் கதை. இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வோம்.

சென்னையில் கால்நடைக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் 20 மாணவர்களோடு தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சியில் 1954 வரை இருந்த புதுச்சேரிக்கு, லியோன் பள்ளி பிறந்து 230 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான், 1994-ல், சொந்தக் கல்லூரி கிடைத்தது. குருமாம்பேட்டில் இருக்கிறது. ராஜீவ் காந்தி பெயரில் அமைந்தது.

வெக்கை நோய் என்ன ஆயிற்று? இருபதாம் நூற்றாண்டில் நல்ல தடுப்பூசி வந்தது. இந்தியாவில் 1954-ல் ஊர் ஊராகப் போய் ஊசி போடும் திட்டம் தொடங்கியது. இங்கே கடைசியாக நோய் கண்டது 1995-ல். 2011-ல் உலகத்திலேயே வெக்கை இல்லை என்று அறிவித்தார்கள். மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இதுவரை இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை. மற்றொன்று இது. லியோன் பள்ளிக்கு 250-ம் ஆண்டு விழா நடந்ததும் அந்த 2011-ல்தான்.

பாகூர்ப் பக்கத்துக் கிழவர்களைக் கேட்டால் வெக்கை எப்படி வந்தது, எந்தத் தெருவில் எத்தனை மாடு போயிற்று என்று இன்றும் சொல்லுவார்கள். ராத்திரியில் மாட்டைப் பார்க்க வரும் இளம் டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டே ஊசியில் மருந்து ஏற்றுவார். அவர் அந்த நோயைப் புத்தகத்தில் படித்திருக்கிறார். கண்ணால் பார்த்ததில்லை.