தகடூர்க் கோமான் அதியமான்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். 1981இல் கண்டறியப்பட்ட சம்பைக் கல்வெட்டும் அவன் பெயர் தாங்கி நிற்கிறது. திருக்கோவலூரை வென்று மலையமான் காரியைத் துரத்தியதே அவன் வீழ்ச்சிக்கு வித்தாயிற்று. காரி சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் துணையை நாடினான், சேரன் தகடூரை முற்றுகையிட்டான், அஞ்சி மாண்டான். நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஈந்தவனின் நடுகல் கண்டு அழும் கடன், அதனை உண்ட ஔவையாருக்கே வாய்த்தது.

அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிட்டவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் சில பாடல்களே எஞ்சின. 1837இல் மறைந்த பியூக்னர் முடிக்காது விட்ட நாடகச் சிதறல்களைக் கொண்டே ஆல்பன் பெர்க் 'வோட்செக்' என்னும் ஜெர்மன் இசைநாடகத்தைப் படைத்தார். 1925இல் அது பெர்லினில் அரங்கேறியது. தகடூர்ச் சிதறல்களும் அத்தகைய கையை வேண்டி நிற்பவையே.