காற்றை ஆராய்ந்த மொழியாசிரியர்

இறைவன் மனிதர்க்கு வழங்கிய அருட்கொடைகளுள் விலையின்றிக் கிடைப்பது காற்று. அக்காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக அமைந்துள்ள உயிர்வளியைப் பிரித்தறிந்த பெருமக்களுள் ஒருவர் ஜோசப் பிரீஸ்ட்லி. அவரை அறிவியலறிஞராக நம் மாணவர் அறிவர். அவர் மொழியாசிரியராக விளங்கியவர் என்பதும், சிறுபான்மைச் சமயத்தார் தமக்கென நிறுவிய கல்விக்கூடம் ஒன்றில் பயின்று, அத்தகைய வேறொரு கூடத்தில் கற்பித்தவர் என்பதும் பலர் அறியாதவை. அவற்றை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1733இல் இங்கிலாந்தின் யார்க்க்ஷயர் பகுதியில் துணித்தொழில் செய்த எளிய குடும்பத்தில் பிரீஸ்ட்லி பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்த அவரை அத்தையார் வளர்த்தார். நாட்டின் அரசுத் திருச்சபையைச் சாராத குடும்பம் அது. அத்தகையோர் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற அந்நாளில் வழியில்லை. எனவே அவர்கள் தம் பொருளைக் கொண்டு தாமே கல்விக்கூடங்களை நிறுவினர். டேவன்ட்ரி என்னும் ஊரில் இருந்த அத்தகைய கூடத்தில் பிரீஸ்ட்லி கற்றார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றோடு அரபு மொழியையும் பயின்றார். பேச்சில் திக்குதல் இருந்தும் சமயப் பணியை மேற்கொண்டார். 1761இல் வாரிங்டன் கல்விக்கூடத்தில் மொழியும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே ஆங்கில இலக்கண நூலொன்றையும் வெளியிட்டார்.

1767இல் லீட்ஸ் நகரின் வழிபாட்டு மன்றமொன்றில் பணியேற்றார். அருகிலிருந்த மதுவடிப்பாலையில் நொதிக்கும் தொட்டிகளின் மேல் தங்கி நின்ற கரியமில வாயு அவர் கருத்தை ஈர்த்தது. வளிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு அங்கே தொடங்கிற்று.

1771ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மெழுகுதிரி எரிந்து அணைந்த காற்றுள்ள மூடிய கலத்தினுள் புதினாத் தளிர் ஒன்றை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் மற்றொரு மெழுகுதிரி நன்கு எரிந்தது. எரிதலாலும் உயிர்களின் மூச்சாலும் கெட்ட காற்றைச் செடிகள் சீராக்குகின்றன என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது. 1774 ஆகஸ்டு முதல் நாளில் பாதரசச் செந்தூளின் மீது உருப்பெருக்கி வில்லையால் வெயிலைக் குவித்துப் புதியதொரு வளியைப் பெற்றார். அதில் சுடர் பேரொளியுடன் எரிந்தது. சுவீடன் நாட்டு ஷீலே இதனை முன்பே கண்டிருந்தாலும், அவர் நூல் 1777இல்தான் வெளிவந்தது. அவ்வளிக்கு ஆக்சிஜன் எனப் பெயரிட்டவர் பிரான்சு நாட்டு லவாய்சியே.

அன்று புதினாத் தளிர் ஒரு சிறு கலத்தில் செய்து காட்டிய பணியையே, பல கோடி ஆண்டுகட்கு முன் பசுமை உயிர்கள் இப்புவி முழுமைக்கும் செய்தன என்பதைப் பிற்கால அறிவியல் நிறுவியது. தொடக்கத்தில் புவியின் வளிமண்டலத்தில் தனித்த உயிர்வளி இல்லை எனுமளவுக்கு அரிதாக இருந்தது. எரிமலைகள் நீராவியையும் கரியமில வாயுவையும், அவற்றோடு ஹைட்ரஜன், கந்தக வளிகள் ஆகியவற்றையும் கக்கின. கடலில் தோன்றிய நீலப்பசும்பாசி எனும் நுண்ணுயிர்கள் கதிரவன் ஒளியால் உயிர்வளியை வெளியிட்டன. ஆயினும் எரிமலை வளிகளும் நீரில் கரைந்த இரும்பும் அதனை உடனுக்குடன் கவர்ந்துகொண்டன. கவரப்படும் அளவை வெளியிடப்படும் அளவு விஞ்சிய பின்னரே, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகட்கு முன், உயிர்வளி வானில் தங்கலாயிற்று. எரிமலை வளிகளின் தன்மையும் அளவும் மாறியமையே இதற்குக் காரணம் என அறிஞருள் ஒரு சாரார் கருதுவர். எரிமலைப் பாறைகள் சிதைந்து கடலிற் கலந்த பாஸ்பரஸ் அந்நுண்ணுயிர்கட்கு உரமாயிற்று என்பாரும் உளர். உயிர்வளியைக் கவர்ந்த எரிமலையே அதனைப் பெருக்கவும் துணைநின்றது என்பது வியப்பிற்குரியது.

இனி அவர் பட்ட துன்பத்தைக் காண்போம். இறைவன் ஒருவனே எனக் கொண்டு திரித்துவக் கோட்பாட்டை மறுத்தவர் பிரீஸ்ட்லி. பிரெஞ்சுப் புரட்சியையும் ஆதரித்தார். 1791 ஜூலை 14இல் பர்மிங்காமில் திரண்ட வன்முறைக் கும்பல், அவர் பணியாற்றிய வழிபாட்டு மன்றத்தைத் தீக்கிரையாக்கிற்று. இல்லமும் நூலகமும் ஆய்வுக்கூடமும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன. மனைவியுடன் அவர் உயிர் தப்பினார். 1794இல் தம் அறுபத்தோராம் வயதில் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்து, பென்சில்வேனியாவின் நார்தம்பர்லாந்தில் மீண்டும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கேயே 1804 பிப்ரவரி 6இல் மறைந்தார்.

அவரிடம் குறையும் உண்டு. எரிபொருள்களில் ஃபிளாஜிஸ்டன் என்றொரு பொருள் உறைகின்றது என்னும் பழங்கொள்கையை அவர் இறுதிவரை விடவில்லை. தாம் கண்ட வளியின் உண்மைப் பொருளை லவாய்சியே விளக்கிய பின்னரும் ஏற்காது, 1800இல் அக்கொள்கைக்கு அரணாக ஒரு நூலே எழுதினார். கண்டறிவது ஒன்று, கண்டதன் பொருளை உணர்வது மற்றொன்று என்பதை ஆசிரியராகிய நாம் இதனால் தெளிதல் வேண்டும்.

ஆயினும் கதவடைக்கப்பட்ட ஒரு சமூகம் தன் பொருளைக் கொண்டு அமைத்த கல்விக்கூடமே பிரீஸ்ட்லியை உருவாக்கிற்று என்பதை நாம் மறத்தலாகாது. நம் முன்னோர் இத்தகைய கல்லூரிகளை நிறுவியதன் பயனும் அதுவே. பாசியின் பணி ஒரு நாளில் பயன் தரவில்லை; கல்வியின் பணியும் அத்தகையதே. அதனை இடைவிடாது ஆற்றுவது இன்று இங்கே கற்போர், கற்பிப்போர் ஆகிய நம் அனைவரின் கடனாகும்.