செல்ஃப் தந்த கெட்டரிங்

கார் கிளம்பலைன்னா செல்ஃப் எடுக்கலைன்னு டிரைவர் அண்ணன்கள் சொல்வாங்கல்ல? அந்த மின்சார செல்ஃபைக் காருக்குப் பொருந்தும்படி செய்து காட்டியவர் சார்லஸ் கெட்டரிங்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1876-ல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தார். கிராமப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். கண் கோளாறால் காலேஜ் படிப்பு பாதியில் நின்றது. டெலிபோன் லைன் வேலைக்குப் போனார். ஆனாலும் திரும்பிப் போய்ப் படித்து 1904-ல் இன்ஜினியர் ஆனார். டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் சேர்ந்து, கையால் சுற்றும் பெட்டிக்குச் சின்ன மோட்டார் வைத்தார்.

அப்போ காரை முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்பணும். இன்ஜின் திருப்பி அடித்தால் கை ஒடியும், தாடை உடையும். உயிர் போனதும் உண்டு. காடிலாக் கம்பெனி இதற்கு வழி கேட்டது. அவ்வளவு பெரிய மோட்டாரைக் காரில் எங்கே வைப்பது என்று மற்றவர்கள் கையை விரித்தார்கள். கெட்டரிங் கல்லாப்பெட்டியை நினைத்தார். சில விநாடிதானே சுற்றணும்! அவ்வளவு நேரம் சின்ன மோட்டாரே பெரிய சுமையைத் தாங்கும், சூடாவதற்குள் நிறுத்திடலாம். இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் அதே மோட்டார் பேட்டரியைச் சார்ஜ் பண்ணும். என்ன மூளை பாருங்க! நண்பரின் கொட்டகையில் பாடுபட்டு 1911-ல் முடித்தார். 1912 மாடல் காடிலாக்கில் அது வந்தது.

இன்னிக்கு வீட்டுக்குள்ளிருந்து ரிமோட்டை அமுக்கினாலும் பெட்ரோல் காரில் பெரும்பாலும் சுற்றுவது அந்த மாதிரி மோட்டார்தான். சாவியின் சிப்பைக் கார் அடையாளம் காணலைன்னா மட்டும் இன்ஜின் ஓடாது. அது திருடனுக்கு வைத்த பூட்டு.

1921-ல் பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையும் அவர் ஆய்வுக்கூடத்தில்தான் பிறந்தது. அந்தப் புகை விஷம். அதை மட்டும் என்னால பாராட்ட முடியலை. கெட்டரிங் 1958-ல் காலமானார். டேட்டன் பக்கத்தில் அவர் பேரிலேயே ஒரு ஊர் இருக்கு.