கணித மேதை இராமாநுஜனும் உபகாரச் சம்பளமும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், சேயாற்றங்கரையில் அமைந்துள்ள செங்கம் என்னும் ஊர் பண்டை நாளில் செங்கண்மா எனப் பெயர் பெற்றிருந்தது. அதனை ஆண்ட நன்னன் என்னும் மன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு எழுந்ததே பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்பது அதற்கு மற்றொரு பெயர். ஆற்றுப்படையாவது, பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையுற்று எதிரே வரும் மற்றொருவனைக் கண்டு, கொடுப்போன் இருக்கும் இடத்தையும் அவனை அடையும் வழியையும் எடுத்துரைத்து அவன்பாற் செலுத்துவதாகும். 583 அடிகளையுடைய அப்பாட்டில் வழி கூறும் பகுதியே மிகுதி. கொடுத்தல் ஓர் அறமாயின், கொடுப்பாரிடம் செல்லும் நெறியைக் காட்டுதலும் அதனோடொத்த அறமே என்பது நம் முன்னோர் கொள்கை போலும்.

இவ்வறம் கல்வித்துறையில் எத்துணைப் பயன் விளைக்க வல்லது என்பதற்குச் சீநிவாச இராமாநுஜன் வரலாற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அவர் கண்ட கணித உண்மைகளை ஈண்டு ஆராயப் புகவில்லை. அவருடைய கல்விக்குப் பொருள் வந்த வழியும், அது தடைப்பட்ட வகையும், மீண்டும் கிடைத்த விதமுமே இங்குக் கூறப்படுவன.

இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் அவ்வூர்த் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் குமாஸ்தா. அவருடைய மாத ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடி வந்த சிறு வருவாயும் குடும்பத்துக்கு உதவிற்று. இத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் ஒரு பெருஞ்சுமையன்றோ! 1897-இல் நடைபெற்ற ஆரம்பப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவில் அவர் முதல்வராகத் தேறினார். அதன் பயனாகக் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அரைச் சம்பளத்திற் கற்கும் சலுகை கிடைத்தது. அவர் பெற்ற முதற் கல்வியுதவி அதுவே.

அப்பள்ளியில் ஆறாண்டு கற்று, 1903-ஆம் ஆண்டு இறுதியில் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். 1904-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பிற் சேர்ந்தபொழுது அவருக்கு வயது பதினாறு. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறந்த மாணவருக்கென ஏற்பட்டிருந்த சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. இனிக் கல்விக்குக் குறைவில்லை என்றே குடும்பத்தார் எண்ணியிருப்பர்.

ஆயினும், பள்ளியில் இருந்த காலத்திலேயே கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்திருந்தது. ஏறத்தாழ 5,000 தேற்றங்களை நிரூபணமின்றியே வரிசைப்படுத்திய நூல் அது. அவற்றைத் தாமே நிறுவிக் காண்பதில் அவர் உள்ளம் முற்றும் தோய்ந்துவிட்டது. வகுப்பில் வேறு பாடம் நடக்கும்பொழுதும் அவர் கைகள் கணக்கையே எழுதிக்கொண்டிருந்தன. ஆண்டிறுதியில் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறினார். மேல் வகுப்புக்கு மாற்றம் மறுக்கப்பட்டது. உபகாரச் சம்பளமும் நின்றது. தாயார் கல்லூரித் தலைவரை நேரிற் கண்டு முறையிட்டும் பயன் விளையவில்லை. விதி விதியே என்பது விடை. ஒரு தவணைக்குரிய கல்லூரிச் சம்பளமோ தந்தையாரின் ஒன்றரை மாத ஊதியத்துக்குச் சமம். சில மாதம் தட்டுத் தடுமாறிப் பார்த்த அவ்விளைஞர், 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் சென்றுவிட்டார்.

வீடு திரும்பியபின், 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். 1794-இல் மறைந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற அறநிதியால் எழுந்த கல்லூரி அது. ஆண்டுச் சிங்காரவேலு முதலியார் என்னும் கணித ஆசிரியர் அவர் திறமறிந்து பாராட்டினார். ஆனால் நோய் குறுக்கிட்டது. ஊர் திரும்ப நேர்ந்தது. 1907-இல் தனியே எப்.ஏ. பரீட்சை எழுதி, மீண்டும் தவறினார். அத்துடன் கல்லூரி வாயில் அவருக்கு அடைபட்டது. பட்டமும் இல்லை, பணியும் இல்லை. நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிறைந்துகொண்டே வந்தன. 1909-இல் ஜானகி அம்மையாரை மணந்தபின், பொருள் தேட வேண்டிய கடமையும் சேர்ந்தது.

இனி ஆற்றுப்படை தொடங்குகிறது. செங்கத்துக்குத் தெற்கே சாத்தனூர் வழியாகக் கிழக்கு நோக்கி ஓடும் தென்பெண்ணையின் கரையிலேயே திருக்கோவலூர் உள்ளது. 1907-இல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் அந்நாளில் அங்கே டிப்டி கலெக்டராக இருந்தார். 1910-இல் இராமாநுஜன் அவரை நாடிச் சென்று, தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை தரும்படி வேண்டினார். நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த ஐயர் வேலை தர மனங்கொள்ளவில்லை. இத்தகைய அறிவை ரெவின்யூ இலாகாவின் கடைப்படியிற் புதைத்தல் தகாது என்று கருதி, சென்னையிலிருந்த பேராசிரியர் பி.வி. சேஷு ஐயரிடம் அவரை அனுப்பினார். சேஷு ஐயர், கணிதத்தில் ஆர்வமுடையவரும் நெல்லூர்க் கலெக்டருமாகிய திவான்பகதூர் ஆர். இராமச்சந்திர ராவிடம் செலுத்தினார். ராவ், என்ன வேண்டும் என்று வினவியபொழுது, பசியாற உணவும் ஆராய்ச்சிக்கு ஓய்வும் போதும் என்றே இராமாநுஜன் விடை கூறினார். ராவ் மாதந்தோறும் 25 ரூபாய் தம் கைப்பொருளினின்றும் கொடுத்து வந்தார். 1911-இல் இராமாநுஜனுடைய முதற் கட்டுரை கணித சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

ஒருவருக்கு நெடுங்காலம் பாரமாயிருத்தல் இராமாநுஜனுக்கு ஒவ்வவில்லை. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். ஆண்டுத் தலைவராயிருந்த சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும், கணிதம் வல்ல அலுவலர் நாராயண ஐயரும் அவருக்கு உறுதுணையாயினர். 1913-ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். அடுத்த மாதத்திலும் ஒரு கடிதம் எழுதினார். தாம் அரைப்பட்டினி கிடப்பதாகவும், ஹார்டியிடமிருந்து ஆதரவான ஒரு கடிதம் வந்தால் உபகாரச் சம்பளம் பெற அது துணை செய்யும் என்றும் அதிற் குறித்தார். அவ்வாண்டிலேயே வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் நோட்டுப் புத்தகங்களைக் கண்டு, சென்னைச் சர்வகலாசாலைக்குப் பரிந்து எழுதினார்.

ஆராய்ச்சிக்குரிய உபகாரச் சம்பளம் உயர் பட்டம் பெற்றோர்க்கே உரியது, இராமாநுஜனோ எப்.ஏ. கூடத் தேறாதவர். எனினும் சர்வகலாசாலையார் விதியின் எழுத்தை விட்டு அதன் நோக்கத்தைக் கைக்கொண்டனர். 1913-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் நாள் முதல் இரண்டாண்டுக்கு மாதம் 75 ரூபாய் அளிக்க இசைந்தனர். மூன்று மாதத்துக்கொருமுறை தம் ஆராய்ச்சியைக் குறித்து அறிக்கை தருதல் வேண்டும் என்பது நிபந்தனை. கும்பகோணத்து நிபந்தனையையும் இதனையும் ஒப்பிட்டு நோக்குக. முன்னது அவருக்கு வாராததைக் கேட்டது. பின்னது அவருக்கு வருவதைக் கேட்டது. அறிக்கைகள் தவறாமல் வந்தன.

1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுனும், டிரினிடி கல்லூரி 60 பவுனும் வழங்கின. அவற்றுள் 50 பவுன் தம் குடும்பத்துக்குச் சேரும்படி அவர் ஏற்பாடு செய்திருந்தார். 1916-இல் ஆராய்ச்சியாற் பட்டம் பெற்றார். 1918-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினராகவும், டிரினிடி கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்கிடையே கடும்நோய் அவரைப் பற்றியிருந்தது.

அந்நிலையில், தாயகம் திரும்பியபின் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் அளிப்பதாகச் சென்னைச் சர்வகலாசாலை அறிவித்தது. 1919-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ஆம் நாள் நோய்ப்படுக்கையிலிருந்து அவர் ரிஜிஸ்திராருக்கு எழுதிய விடையை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிதல் நலம். அத்தொகை தம் தேவைக்கு மிகையென்றும், ஆண்டுக்கு 50 பவுன் தம் பெற்றோர்க்குச் சேர்க என்றும், தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதைக் கல்விப் பணிக்கு, சிறப்பாக ஏழைப் பிள்ளைகளும் தாய் தந்தையற்றோரும் கட்டும் பள்ளிச் சம்பளத்தைக் குறைத்தற்கும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்குதற்கும் செலவிடுக என்றும் அவர் எழுதினார். பதினேழாம் வயதிற் சம்பளம் கட்ட இயலாது வீட்டை விட்டகன்ற பிள்ளை, அத்துன்பத்தை மறவாமல், பிறர் பிள்ளைகளுக்கு அது நேரலாகாது என்று கருதிய கருத்தன்றோ இது! தாம் பெற்ற பரிசிலின் பயனைத் தமக்குப்பின் வரும் வறியோர்க்குத் திருப்புதலே ஆற்றுப்படையின் நிறைவு எனலாம்.

அவர் 1919-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திரும்பி வந்து, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் முப்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். அவருடைய இளமரணத்தைப் பலரும் இரங்கிப் பேசுவர். ஹார்டியோ, துணையின்றிக் கழிந்த அவருடைய இளமையாண்டுகளே உண்மையான பேரிழப்பு என்று எண்ணினார். அவ்விழப்புக்குக் காரணம் பெருஞ்செல்வம் இன்மையன்று. ஒரு தவணைச் சம்பளம் இன்மையே.

மாணவ நண்பர்களே! காலம் மாறியுள்ளது. அரசினர் பள்ளியிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தமிழகத்தில் தொடங்கப்பெற்றன. ஆயினும் கொடை இருக்குமிடம் அறியாதாருக்குக் கொடை இல்லாததற்குச் சமமே. செங்கத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வி நாடி இறங்கி வரும் பிள்ளைகளுக்கு, எந்தச் சான்றிதழை எவ்விடத்திற் பெறுவது, எந்நாளுக்குள் விண்ணப்பிப்பது என்று எடுத்துச் சொல்வார் வேண்டும். ஒரு பாடத்தில் தவறிய காரணத்தால் ஒருவன் தலைகவிழ்ந்து ஊர் திரும்பும்பொழுது, அவனுடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் ஆசிரியரும் வேண்டும். முன்னதைப் பழைய மாணவர் செய்யலாம். பின்னதைச் செய்வார் கல்லூரிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். திருக்கோவலூரில் இராமசாமி ஐயர் கொடுத்தது பொருளன்று, வழி ஒன்றே. அது நம் அனைவர்க்கும் கொடுக்கக் கூடியதே.